“ஒன்பதாவது போகமாட்டேன் என்று அழுகிறான்”

கேள்வி: மேடம், நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன், எம்.சி. ரோட்டுக் கடைகளுக்குப் புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறேன். மூன்று பிள்ளைகள். மூத்தவள் காலேஜ், அடுத்தவள் பதினொன்றாவது. கடைசிப் பையனுக்கு 13 வயது, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் எட்டாவது படிக்கிறான். சின்னதிலிருந்தே அக்காக்களோடுதான் விளையாட்டு. எனக்கு ஹூக் கட்டித் தருவான், எம்மிங் என்னைவிட நன்றாகப் போடுவான். அதை நான் பெரிசாக எடுத்துக்கொண்டதில்லை. போன தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன இடத்தில் கடையிலேயே அழுதான். வீட்டுக்கு வந்து, “அம்மா, நான் பொண்ணும்மா” என்றான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் அப்பாவுக்குத் தெரிந்து பெல்ட்டால் அடித்துவிட்டார். என் தம்பி, பாக்ஸிங்கில் சேர்த்துவிட்டால் ஆம்பளையாகிவிடுவான் என்கிறான். தெரிந்தவர் ஒருவர், ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் சரியாகும் என்கிறார். பள்ளியில் பசங்க “ஒம்போது” என்று கூப்பிடுகிறார்களாம். அட்டெண்டன்ஸில் ஒன்பதாம் நம்பர் வந்தாலே கிளாஸே இவனைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்குமாம். அது இவன் நம்பர்கூட இல்லை. ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு, எட்டாவதோடு டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். படிப்பை நிறுத்தி மிஷினில் உட்கார வை என்கிறார் நாத்தனார். இவனும் ஒன்பதாவது போகமாட்டேன் என்று அழுகிறான். காலையில் நிரப்பிக் கொடுக்கிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது. இரண்டு தடவை மூத்திர எரிச்சல் வந்து ஜுரத்தில் படுத்தான். நான் வளர்த்த விதம்தான் தப்பா? கடை கடையாகக் கைதட்டிக் காசு கேட்கிறவர்களோடு போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது. மூத்தவளுக்கு வரன் பார்க்க வேறு ஆரம்பித்திருக்கிறோம். என்ன செய்வது?

— ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கேள்விகளை எல்லாம் அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தத் தண்ணீர் பாட்டில். அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிற எனக்கு, உங்கள் கடிதத்தில் மிக அவசரமான விஷயம் அதுதான்.

உங்கள் பிள்ளைக்குத் தாகம் இல்லாமல் இல்லை. குடித்தால் போக வேண்டியிருக்கும், போக இடம் இல்லை, அதனால்தான் குடிப்பதில்லை. காலை எட்டரைக்குக் கிளம்பி, நாலரைக்கு வீடு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிறதா என்று கவனித்துப் பாருங்கள். சென்னை வெயிலில் எட்டு மணி நேரம் அடக்கி வைத்தால் மூத்திரத்தில் கிருமி சேராமல் என்ன செய்யும்? இந்த வயதுப் பையன்களின் உடம்புக்கு இது அடிக்கடி வருகிற நோயும் இல்லை. இரண்டு முறை வந்துவிட்டது என்றால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்து விடாதீர்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் யூரின் டெஸ்ட் எடுத்து, மருத்துவர் சொல்லும் நாள்வரை மருந்தை முழுசாகக் கொடுங்கள். சிறுநீரகம் வரை போகக்கூடிய விஷயம் இது.

கழிப்பறையில் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நான் பார்த்த பிள்ளைகள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்: பெரிய பையன்கள் கதவைப் பிடித்துக்கொள்வார்கள், மேலே ஏறி எட்டிப் பார்ப்பார்கள், “நீ ஆம்பளையா பொம்பளையா, காட்டு” என்பார்கள். சில இடங்களில் அதற்கு மேலும் போகும். “யாராவது உன்னைத் தொட்டாங்களா?” என்று எடுத்த எடுப்பில் கேட்டால் பிள்ளை வாயைத் திறக்காது. இரண்டு பேரும் துணி தைத்துக்கொண்டிருக்கும்போது, முகத்தைப் பார்க்காமல், “உங்க ஸ்கூல் பாத்ரூம்ல தாழ்ப்பாள் இருக்கா?” என்று ஆரம்பியுங்கள். கை வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும். நடந்தது சீண்டலைத் தாண்டியது என்று தெரிந்தால் அது போக்சோ சட்டத்தின் கீழ், அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற சட்டத்தின் கீழ், குற்றம். அந்தச் சட்டம் ஆண் குழந்தை, பெண் குழந்தை, திருநர் குழந்தை என்று பார்ப்பதில்லை, 18 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். “செத்துப் போகலாம் போல இருக்கு” என்பதுபோல் எப்போதாவது சொல்லியிருக்கிறதா? சாப்பாட்டைக் குறைத்துவிட்டதா, கையில் கீறல் இருக்கிறதா? இருந்தால் அந்த நிமிடமே 14416க்குப் பேசுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். இதைப் பற்றிக் கேட்டால் பிள்ளைக்கு அந்த நினைப்பை நாமே கொடுத்ததாகிவிடுமோ என்று எல்லா அம்மாக்களும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டால் பாரம்தான் இறங்கும்.

சரி, இப்போது நீங்கள் கேட்டது. வளர்ப்பில் தப்பு ஒன்றும் இல்லை. இரண்டு அக்காக்களோடு வளர்ந்த பையன்கள் வடசென்னையில் தெருவுக்கு நூறு பேர் இருக்கிறார்கள். எல்லோரும் “நான் பொண்ணு” என்று சொல்லிவிடவில்லை. ஹூக் கட்டினதாலும் எம்மிங் போட்டதாலும் யாரும் பெண்ணாவதில்லை. அப்படியானால் நம் ஊரில் ஆண் டெய்லரே இருக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, பிறந்த உடம்பு ஒன்றும் உணர்கிற பாலினம் வேறாகவும் இருப்பதை மனநோய் வரிசையிலிருந்தே எடுத்துவிட்டது. நோய் இல்லாத இடத்தில் காரணம் தேடி உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள்.

ஊசி வேண்டவே வேண்டாம். இதில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஆண் ஹார்மோனை எவ்வளவு ஏற்றினாலும் ‘நான் பெண்’ என்ற உணர்வு மாறாது. மாறுவதெல்லாம் உடம்புதான். குரல் சீக்கிரம் உடையும், மீசை முளைக்கும், எலும்பு முன்கூட்டியே முதிர்ந்து வளர வேண்டிய உயரமும் நின்றுபோகும். எதைப் பார்த்துப் பிள்ளை கண்ணாடி முன்னால் அழுகிறதோ, அதையே காசு கொடுத்து வரவழைத்த மாதிரி ஆகிவிடும். ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று சொல்லும் சிகிச்சைகளைத் தடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம், மருத்துவர் அப்படிச் செய்வது தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. யாராவது செய்து தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், சாமியாராக இருந்தாலும் சரி, டாக்டராக இருந்தாலும் சரி.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் ஒன்று இருக்கிறது. இந்த வயதில் சில பிள்ளைகள் யாருக்கும் தெரியாமல் மெடிக்கலில் கருத்தடை மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள், உடம்பு பெண் மாதிரி மாறும் என்று யாரோ சொல்லக் கேட்டு. இரத்தம் உறைவதில் கொண்டுபோய் விடக்கூடிய வேலை அது. திட்டாமல், பயமுறுத்தாமல், “அப்படி எதாவது சாப்பிட்டா எனக்குச் சொல்லிடு, நான் கோபப்பட மாட்டேன்” என்று சொல்லி வையுங்கள்.

அப்படியானால் பிள்ளை திருநங்கையா? கடிதத்தைப் படித்து நானோ வேறு யாரோ அதைச் சொல்லிவிட முடியாது. பெண்களோடு பழகுவதும் மென்மையாக இருப்பதும் மட்டும் என்றால், அது வெறும் மென்மையான பையனாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் பிள்ளை தன் வாயால், அழுதுகொண்டு, உங்களிடம் சொல்லியிருக்கிறது. அதை நம்புங்கள். நம்புவது என்றால் நாளைக்கே பெயரை மாற்றி, புடவை கட்டிவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. “நீ சொன்னது எனக்குப் புரியுது, நீ என் பிள்ளை, மெதுவா பார்ப்போம்” என்றால் போதும். 13 வயதில் ஆபரேஷன் என்ற பேச்சே கிடையாது. அடையாள அட்டைக்கும் அவசரமில்லை. பிள்ளை யார் என்பதைப் பிள்ளையே வளர வளரச் சொல்லும். இப்போது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் கெடு இருக்கிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது உங்கள் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் பொறுக்கும், இது பொறுக்காது.

ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். 2024இல் பிளஸ் டூ முடிவு வந்தபோது தேர்வுத் துறை வழக்கம்போல மாணவர் எத்தனை, மாணவியர் எத்தனை என்று கணக்குக் கொடுத்தது. ஏழரை லட்சத்துக்கு மேல் எழுதிய அந்தத் தேர்வில் மூன்றாம் பாலினம் என்ற இடத்தில் இருந்த எண்ணிக்கை 1. அந்த ஒருவர் பாஸ். திருவல்லிக்கேணியில் ஒரு அரசுப் பெண்கள் பள்ளியில் படித்தவர், நம்ம ஊர்தான். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் எல்லா வயதும் சேர்த்து இருபத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அந்தப் பிரிவில் எண்ணப்பட்டிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் எங்கே போனார்கள்? கொஞ்சம் பேர் ஆண் என்றோ பெண் என்றோ பதிவேட்டில் இருந்தபடி எழுதி, மூச்சு விடாமல் வெளியே வந்திருப்பார்கள். மிச்சப் பேர் அந்த வகுப்புவரை வந்துசேரவே இல்லை. எட்டாவது, ஒன்பதாவது, அங்கேதான் கொட்டிப்போகிறார்கள். குரல் உடைகிற வயதும் அதுதான், கிண்டல் உச்சத்துக்குப் போகிற வயதும் அதுதான்.

நீங்கள் எம்.சி. ரோட்டில் பார்த்துப் பயப்படுகிற அந்தத் திருநங்கைகளை ஒரு நாள் நிறுத்தி, எத்தனாவது வரை படித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பலர் சொல்வது உங்கள் பிள்ளை இப்போது நிற்கிற வகுப்பாகத்தான் இருக்கும். அவர்கள் உங்கள் பிள்ளையைக் கூட்டிப்போகக் காத்திருப்பவர்கள் இல்லை. எனக்குத் தெரிந்த மூத்த திருநங்கைகள், சின்னப் பிள்ளை வந்து நின்றால் முதலில் சொல்வது “வீட்டுக்குப் போ, படி” என்பதுதான். பிள்ளைகள் வீட்டை விட்டு ஓடுவது வீட்டில் விழுகிற அடி தாங்காமல். போக்கிடம் வேறு இல்லாததால் அவர்களிடம் போய்ச் சேர்கிறார்கள். அந்தப் பயம் உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால் முதலில் வீட்டில் இருக்கிற பெல்ட்டைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

இனி பள்ளி. தலைமை ஆசிரியர் டி.சி. வாங்கச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. அடிப்பதும் மனதளவில் துன்புறுத்துவதும் கூடாது என்பது 17ஆம் பிரிவு. ஒன்பதாவதுக்கு மேல் அந்தச் சட்டம் வராது என்று யாராவது விவரமாகப் பேசினால், 2019இல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லுங்கள். அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையம் எதுவானாலும் பாகுபாடு இல்லாமல், எல்லோரோடும் சேர்த்து வைத்தே படிப்பும் விளையாட்டும் தர வேண்டும் என்கிறது அதன் 13ஆம் பிரிவு. ஹெச்.எம். வாயால் சொன்னதை எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். தரமாட்டார். அப்புறம் டி.சி. பேச்சு அடங்கிவிடும்.

சட்டத்தைச் சொல்லிவிட்டேனே தவிர, சட்டப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள். ஹெச்.எம். கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. “எங்களால் ஒன்றும் செய்ய முடியாது” என்பது பல நேரம் “என்ன செய்வதென்று தெரியவில்லை” என்பதுதான். யார் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? 2021இல் என்சிஇஆர்டி என்ற மத்திய அரசின் கல்வி அமைப்பு, திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் எப்படிச் சேர்த்து நடத்துவது என்று ஆசிரியர்களுக்காக ஒரு கையேடு கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இங்கே நம் பள்ளிகளில் ‘உள்ளடக்கிய கல்வி’ என்று போர்டு இருக்கும், சாய்தளம் கட்டியிருப்பார்கள், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியர் வருவார். அதெல்லாம் நல்ல காரியம்தான், ஆனால் உங்கள் பிள்ளை மாதிரியான ஒருவரை உள்ளே வைத்துக்கொள்வது எப்படி என்று அந்தப் போர்டுக்கும் தெரியாது. உயர் நீதிமன்றம் அந்த 2021 வழக்கில், எல்லாப் பாலினத்தவரும் பயன்படுத்தும் கழிப்பறை, பெயர் மாற்றிக்கொள்ள வசதி, பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்கு விளக்கம் என்று பள்ளிகளுக்கும் யோசனை சொல்லியிருக்கிறது. 2025இல் தமிழ்நாடு அரசு திருநருக்கென்று தனிக் கொள்கையும் வெளியிட்டது. காகிதத்தில் இருப்பது தண்டையார்பேட்டை கழிப்பறைக் கதவு வரைக்கும் வந்து சேர, உங்களை மாதிரி ஒரு அம்மா போய் நின்றால்தான் உண்டு.

ஆகவே சின்னதாகக் கேளுங்கள், எழுதிக் கேளுங்கள். பெரிய விளக்கம் வேண்டாம். திருநங்கை என்ற சொல்கூட வேண்டாம், பிள்ளை சம்மதிக்கிறவரை. இப்படி எழுதினால் போதும்:

“8ஆம் வகுப்பில் படிக்கும் என் பிள்ளையைக் கழிப்பறையில் மற்ற மாணவர்கள் தொந்தரவு செய்கிறார்கள். இதனால் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்து இரண்டு முறை சிறுநீர்த் தொற்று ஏற்பட்டது. மருத்துவச் சீட்டு இணைத்துள்ளேன். தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி அளிக்கவும், வகுப்பில் பட்டப்பெயர் சொல்லிக் கேலி செய்வதைத் தடுக்கவும் கேட்டுக்கொள்கிறேன். என் பிள்ளை இதே பள்ளியில் 9ஆம் வகுப்பு தொடரும்.”

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியும் பள்ளி முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியர் கழிப்பறைகளில் ஒன்றின் சாவியோ, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான கழிப்பறையோ கொடுத்தால்கூட இப்போதைக்குச் சரி. அதற்குப் பணம் வேண்டாம், ஆணை வேண்டாம், ஹெச்.எம். தலையசைத்தால் போதும். பள்ளி மேலாண்மைக் குழு இருந்தால் அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். தெரிந்த அம்மா ஒருத்தரைப் பிடித்து, ‘பாத்ரூம் கதவுகளில் தாழ்ப்பாள் இல்லை’ என்று பொதுவாகப் பேச வையுங்கள். உங்கள் பிள்ளையின் பெயர் அந்தக் கூட்டத்தில் வரவே கூடாது. தாழ்ப்பாள் எல்லாப் பிள்ளைக்கும்தான் வேண்டும், யாரும் மறுக்க மாட்டார்கள். இவ்வளவும் செய்து ஒன்றும் நடக்கவில்லையென்றால் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது.

அட்டெண்டன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். வியாசர்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் இதே ‘ஒன்பது’ பிரச்சினை. அங்கே வகுப்பாசிரியை சத்தம் போடவில்லை, யாரையும் வெளியே நிறுத்தவில்லை. மறுநாளிலிருந்து நம்பர் கூப்பிடுவதை விட்டுவிட்டு ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கணக்கு டீச்சரிடமும் பி.டி. சாரிடமும் அதையே செய்யச் சொன்னார். சிரிக்க ஒரு இடம் இல்லாமல் போனதும் ஆட்டம் பாதி குறைந்தது. மீதிப் பாதிக்கு, சிரிப்பை ஆரம்பித்து வைக்கிற இரண்டு பையன்களின் வீட்டுக்கு அவரே போய்ப் பேசினார். அதில் ஒருவன் இப்போது அந்தப் பிள்ளைக்குக் கழிப்பறை வாசலில் காவல். எல்லா ஆசிரியரும் இப்படி இருப்பார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் உங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் இதை அப்படியே சொல்லிப் பாருங்கள். பிள்ளை ஒன்பதாவது போகமாட்டேன் என்று அழுவதும் இதில் சேர்ந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வருஷம் முழுக்க ‘எத்தனாவது படிக்கிற?’ என்று கேட்கிறவர்களிடமெல்லாம் அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்ல வேண்டுமே என்ற பயம். “நைன்த்துனு சொல்லிக்கோ” என்றுகூடச் சொல்லிக் கொடுங்கள். சில நேரம் இவ்வளவு சின்ன விஷயம்தான் பிள்ளையைப் பிடித்து நிறுத்தும்.

முடி இன்னொரு தகராறு. பி.டி. சார்கள் கத்தரிக்கோலோடு நிற்கிற பள்ளிகள் உண்டு. ஒழுங்காக வாரிக் கட்டிக்கொள்கிறது, வெட்டக் கூடாது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். வெட்டிய அன்றைக்கே பள்ளிக்குப் போவதை நிறுத்திய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பள்ளி சரிப்படவில்லையென்றால் மாற்றலாம். ஆனால் அது பிள்ளை கேட்டு, நீங்கள் தேர்ந்தெடுத்த மாற்றமாக இருக்க வேண்டும். ஆண்கள் பள்ளி வேண்டாம், இருபாலர் பள்ளியாகப் பாருங்கள், நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகிற தூரத்தில். விடுதி இந்த வயதில் வேண்டாம். திருநர் பிள்ளைகளுக்கென்றே தனிப் பள்ளி திறந்தால் என்ன என்று சில நல்ல மனிதர்கள் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தெருவும் வேலையும் தனியாக இருக்கப்போவதில்லை; தவிர, கிண்டல் செய்த பையனும் ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டாமா? பத்தாவதுக்கு முன்னால் பெயர் விஷயத்தை மட்டும் ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல் போய், மார்க் ஷீட் அச்சாகிவிட்டால் பிறகு மாற்றுவதற்கு ஒவ்வொரு அலுவலகமாக ஏற வேண்டும்.

நாத்தனார் சொல்கிற தையல் மிஷின்? கைத்தொழில் கேவலமில்லை, அதில்தான் உங்கள் வீடே ஓடுகிறது. ஆனால் 13 வயதில் மிஷினில் உட்காருகிற பிள்ளைக்குப் பிறகு வேறு கதவு திறக்காது. படித்து முடித்தால் திறக்கிறது, இரண்டு திருநங்கைகளையே பாருங்கள்: பிரித்திகா யாஷினி உயர் நீதிமன்றம்வரை போய் உரிமை வாங்கி, 2017இல் காவல் துறையில் எஸ்.ஐ. ஆனார். சத்யஸ்ரீ சர்மிளா 2018இல் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். காலேஜ் போகும் திருநர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதை வாங்கப் பிள்ளை முதலில் பிளஸ் டூ தாண்டியாக வேண்டும்.

உங்கள் தம்பியின் பாக்ஸிங் யோசனைக்கு என் பதில்: பிள்ளைக்குப் பிடித்திருந்தால் தாராளமாகப் போகட்டும், திருநங்கை பாக்ஸிங் ஆடக் கூடாதா என்ன. ஆம்பளையாக்குவதற்கென்று அனுப்பினால் அது அடி வாங்குகிற இன்னொரு இடம், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக்காரர்தான் கஷ்டமான பகுதி. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் க்யூவில் மணிக்கணக்காக நின்றுவிட்டு வருகிற மனிதர். கூட நிற்கிற டிரைவர்கள் என்ன பேசுவார்கள் என்பதுதான் அவர் மண்டையில் ஓடும். பெல்ட்டை நான் நியாயப்படுத்தவில்லை. இன்னொரு முறை கை ஓங்கினால் நீங்கள் குறுக்கே நிற்க வேண்டும், பெரிய மகளையும் கூட நிற்க வையுங்கள். ஆனால் அவருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. மேலே சொன்ன 2021 வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்குச் சரியாகத் தெரியாது என்று உத்தரவிலேயே ஒப்புக்கொண்டு, ஓர் உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். தெரியாது என்று சொல்ல உயர் நீதிமன்ற நீதிபதியே கூச்சப்படவில்லை. இதைச் சண்டை இல்லாத ஒரு நாளில், சாப்பாடு போடும்போது அவரிடம் சொல்லுங்கள். என்னிடமோ வேறு ஆலோசகரிடமோ வரச் சம்மதித்தால், முதல் தடவை பிள்ளை இல்லாமல் அவர் மட்டும் வரட்டும். அப்பாக்கள் தனியாக இருந்தால்தான் அழுவார்கள்.

ஸ்டான்லியில் யூரின் டெஸ்டுக்குப் போகும்போதே மனநலப் பிரிவில் ஒரு சீட்டு போட்டு, பிள்ளையைப் பேச வையுங்கள். உடம்பு மாற்றங்கள் குறித்த கேள்விகளுக்கு, சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் திருநருக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. உங்களை மாதிரி மற்ற பெற்றோரோடு பேச வேண்டும் என்று தோன்றினால், சென்னையில் ‘ஓரினம்’ என்ற தன்னார்வக் குழு பல வருடங்களாக இயங்குகிறது, தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். மூத்த மகளை விட்டுத் தேடச் சொல்லுங்கள்.

அவளுடைய வரன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெரிந்தால் வேண்டாம் என்கிற இடம் வரத்தான் செய்யும். மறைத்து முடித்தால் அதே இடம் கல்யாணத்துக்கு அப்புறம் அதே கேள்வியை அவளிடம் கேட்கும், அப்போது அவள் தனியாக நிற்பாள். நீங்களும் வீட்டுக்காரரும் முடிவு செய்வதற்கு முன்னால் அவளையே கேளுங்கள். தீபாவளிக்கு வெகு நாள் முன்பே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.